பழைய காரின் ஸ்டியரிங்கை விரைவாக்குவது எப்படி: அளப்பதிலிருந்து அலைன்மென்ட் வரை

நந்தி மலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பத்மினியோ பழைய ஜீப்போ ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். கை மேல் கை மாற்றிச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வளைவு முடிந்ததும் அதே அளவு திருப்பிச் சுற்ற வேண்டும். புதிய கார் ஓட்டிப் பழகிய கைக்கு இது பெரிய குறையாகவே படும். 'ரேஷியோ மாத்தணும்' என்று முடிவு செய்து பெங்களூரில் சிவாஜிநகர் குஜிரி என்ற பழைய சாமான் சந்தைக்கோ ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்கோ கிளம்பிவிடுகிறார்கள்.

கிளம்பும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஸ்டியரிங் மெதுவாக இருப்பது வேறு, லூஸாக இருப்பது வேறு. ஸ்டியரிங் வீலை இரண்டு விரற்கடை திருப்பியும் சக்கரம் அசையவில்லை என்றால் அது ரேஷியோ அல்ல, தேய்மானம். முப்பது, நாற்பது வருடம் ஓடிய காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தேய்மானத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரேஷியோவை விரைவாக்கினால் ஆட்டம் போகாது. கார் நேர்ச்சாலையில் இன்னும் அலைபாயும்.

இன்னொன்று: உங்களிடம் இருப்பது அம்பாசடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ என்றால், இரண்டிலும் தொடக்கத்திலிருந்தே ராக் அண்ட் பினியன் (பற்சட்டமும் சிறு பற்சக்கரமும்) ஸ்டியரிங்தான், ஸ்டியரிங் தண்டின் அடியில் கியர் பெட்டியான பாக்ஸ் கிடையாது. ஆட்டம் பார்ப்பது, ரேஷியோ அளப்பது, அலைன்மென்ட் ஆகிய பகுதிகள் அவற்றுக்கும் பொருந்தும். பாக்ஸைப் பற்றிய பகுதிகள் பொருந்தா.

எந்த ரேஷியோவைச் சொல்கிறோம்?

ரேஷியோவில் இரண்டு உண்டு. ஸ்டியரிங் தண்டு எத்தனை டிகிரி சுற்றினால் டிராப் ஆர்ம், அதாவது பாக்ஸிலிருந்து வெளியே வரும் நெம்புகை, ஒரு டிகிரி ஆடுகிறது என்பது பாக்ஸ் ரேஷியோ. ஸ்டியரிங் வீல் எத்தனை டிகிரி சுற்றினால் முன்சக்கரம் ஒரு டிகிரி திரும்புகிறது என்பது மொத்த ரேஷியோ. கை உணர்வது மொத்த ரேஷியோவைத்தான். எண் குறைந்தால் ஸ்டியரிங் விரைவு. பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் லிங்கேஜ் என்ற இணைப்புக் கம்பிகள் இருக்கின்றன. அவற்றின் நீளங்களும் கணக்கில் சேரும். நம் பட்டறைகளில் டிராப் ஆர்ம் என்பதை அமெரிக்க மேனுவல்களில் பிட்மேன் ஆர்ம் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

1965 மஸ்டாங்கின், பவர் உதவி இல்லாத சாதாரண பாக்ஸ் 19.9:1. ஆனால் அந்தக் காரின் மொத்த ரேஷியோ ஏறக்குறைய 27:1. விரைவான பாக்ஸ் 16:1. அதைப் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 22:1. 'என் பாக்ஸ் 16' என்று ஒருவரும் 'என் கார் 22' என்று இன்னொருவரும் சொன்னால் இருவரும் ஒரே காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். பொருள் வாங்கும்போது விற்பவர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. பாக்ஸ் ரேஷியோவைச் சக்கரப் பக்கத்து ஸ்டியரிங் ஆர்மின் நீளத்தால் பெருக்கி, டிராப் ஆர்மின் நீளத்தால் வகுத்தால் மொத்த ரேஷியோ கிட்டத்தட்ட வந்துவிடும். பாக்ஸ் 18, ஸ்டியரிங் ஆர்ம் 145 மி.மீ., டிராப் ஆர்ம் 130 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20.1. பாக்ஸைத் தொடாமல் டிராப் ஆர்மை மட்டும் 150 மி.மீ. ஆக்கினால் 17.4. வெறும் 20 மி.மீ. நீளம் ஸ்டியரிங்கை 15 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடுகிறது. 1963 கார்வெட்டில் தொழிற்சாலையே இந்த வழியைத் திறந்து வைத்திருந்தது. ஸ்டியரிங் ஆர்மில் இரண்டு துளைகள். டை ராடு எண்டை (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) பின்துளையிலிருந்து முன்துளைக்கு மாற்றினால் 19.6 என்பது 17.1 ஆகும். பாக்ஸ் அதேதான்.

பாக்ஸுக்குள் ரேஷியோ எங்கிருந்து வருகிறது? ரீசர்க்குலேட்டிங் பால் வகையில் (திருகுக்கும் நட்டுக்கும் நடுவே உருண்டைகள் ஓடும்), வார்ம் என்ற திருகு ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. நட்டை நகர்த்துகிறது, டிராப் ஆர்மை ஆட்டும் செக்டார் என்ற பற்சக்கரத் துண்டின் ஆரம் எவ்வளவு என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. ஆரம் 32 மி.மீ., நகர்வு 10 மி.மீ. என்றால் 20:1. நகர்வு 12.5 மி.மீ. என்றால் 16:1. புரி எவ்வளவு சாய்வாக இருக்கிறதோ அவ்வளவு விரைவு. அதே அளவுக்குப் பள்ளத்தின் அடியும் கைக்குத் திரும்பி வரும். சில பாக்ஸ்களில் ரேஷியோ நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் ராஸ் பாக்ஸ் 14-12-14: நேராக இருக்கும்போது 12, இரு ஓரங்களிலும் 14. அந்த ஜீப் வைத்திருப்பவர்கள் ரேஷியோவைத் தேட வேண்டிய தேவையே இல்லை. லெவரில் இருக்கும் கூம்பு பின்கள் ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

'லாக் டு லாக் எத்தனை சுற்று' என்பதை வைத்து ரேஷியோ சொல்லாதீர்கள். சக்கரங்கள் சராசரியாகப் பக்கத்துக்கு 32 டிகிரி திரும்பும் காரில் 20:1 என்றால் சுமார் மூன்றரைச் சுற்று. அதே காரில் அகல டயர் போட்டு, டயர் உரசாமலிருக்க ஸ்டாப்பரை வெளியே இழுத்துவிட்டால் மூன்று சுற்றுதான் வரும். ஸ்டியரிங் விரைவாகவில்லை, கார் வளையும் வட்டம்தான் பெரிதாகிவிட்டது.

ஆட்டத்தைத் தேடுங்கள்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். கார் தன் சக்கரத்தில் தரையிலேயே நிற்கட்டும், இன்ஜின் அணைந்திருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீலை இடமும் வலமும் மூன்று நான்கு செ.மீ. மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பின் மேலும் கையை வைத்துப் போக வேண்டும். மேலிருந்து கீழே வரிசையாக: ஸ்டியரிங் தண்டின் கப்ளிங், பாக்ஸுக்குள் நுழையும் தண்டு, பாக்ஸ் போல்டுகள், டிராப் ஆர்மின் ஸ்பிளைன் (தண்டில் பிடிக்கும் பல்வரிசை), ஒவ்வொரு டை ராடு எண்டு, எதிர்ப்பக்கத்தில் லிங்கேஜைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் புஷ், கடைசியில் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்.

கட்டைவிரல் ஒரு பாகத்திலும் ஆள்காட்டி விரல் அடுத்த பாகத்திலும் இருக்கும்படி இணைப்பைப் பிடியுங்கள். இரண்டு விரலும் சேர்ந்து நகர்ந்தால் அந்த இணைப்பு நல்லது. ஒரு விரல் முதலில் நகர்ந்து, இன்னொன்று கணம் பொறுத்து நகர்ந்தால் ஆட்டம் அங்கே இருக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அரை மில்லிமீட்டர் கூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

பாக்ஸ் சேசிஸில் உட்காரும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். கிரீஸும் மண்ணும் படிந்து மூடியிருக்கும். டீசலில் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். போல்டுத் துளையிலிருந்து கிளம்பும் மெல்லிய விரிசல்தான் அங்கே பெரிய ஆபத்து. வீலை ஆட்டும்போது பாக்ஸே மொத்தமாக அசைந்தால் போல்டு தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் சேசிஸ் கிழிந்திருக்கிறது.

கிங் பின்னுக்கு மட்டும் ஜாக்கி வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது வீல் பேரிங். மிதித்தும் இருந்தால் கிங் பின், அல்லது பால் ஜாயின்ட்.

இவற்றைச் சரிசெய்த பிறகு ஒரு வாரம் ஓட்டுங்கள். 'ரேஷியோ மாற்ற வேண்டும்' என்ற ஆசை பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

இருக்கும் ரேஷியோவை அளப்பது

அலைன்மென்ட் கடையில் டர்ன் பிளேட் (சக்கரத்தின் அடியில் வைக்கும், டிகிரி குறித்த சுழல்தட்டு) இருந்தால் அதிலேயே அளந்து தரச் சொல்லலாம். வீட்டில் செய்ய, முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் கிரீஸ். சக்கரம் அதன் மேல் நின்றால் சுலபமாகச் சுழலும். பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

1. சக்கரங்களை நேராக வைத்து, வீலின் உச்சியில் ஒரு டேப் ஒட்டுங்கள். அதற்கு நேர் எதிரே டேஷ்போர்டிலும் ஒன்று.

2. சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு நேரான மரச்சட்டத்தைச் சாய்த்து, அதன் கோட்டைத் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். இரண்டு சக்கரத்துக்கும்.

3. வீலைச் சரியாக 180 டிகிரி ஒருபக்கம் திருப்புங்கள். தாண்டிப் போய்த் திரும்பி வராதீர்கள். ஆட்டம் கணக்கைக் கெடுத்துவிடும்.

4. மறுபடி சட்டத்தை வைத்துக் கோடு போட்டு, இரண்டு கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளக்கவும்.

உள்பக்கச் சக்கரம் எப்போதும் வெளிப்பக்கத்தைவிடக் கூடுதலாகத் திரும்பும். ஆகவே இரண்டின் சராசரியை எடுங்கள். உள்ளே 9.5, வெளியே 8.5 என்றால் சராசரி 9. 180 வகுத்தல் 9, ரேஷியோ 20. மறுபக்கமும் திருப்பி அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கணிசமாக வேறுபட்டால் பாக்ஸ் நடுவில் இல்லை, அல்லது ஏதோ ஒரு ஆர்ம் வளைந்திருக்கிறது. மேலே போகாமல் அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பாக்ஸ் ரேஷியோ மட்டும் தெரிய வேண்டுமானால் டிராப் ஆர்மிலிருந்து லிங்கேஜைக் கழற்றி, வீலை ஒரு முழுச் சுற்று சுற்றி, ஆர்ம் எத்தனை டிகிரி ஆடியது என்று பாருங்கள். 15 டிகிரி என்றால் 24:1. 18 என்றால் 20:1. 22.5 என்றால் 16:1. குஜிரியில் கிடக்கும் பாக்ஸையும் இதே மாதிரி மேஜை மேல் வைத்துச் சுற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அச்சிட்ட தகடு மாறியிருக்கலாம், உள்ளே கியர் மாறியிருக்கலாம்.

பாக்ஸை அட்ஜஸ்ட் செய்வது

மெக்கானிக்கிடம் 'டைட் பண்ணிடுங்க அண்ணா' என்று மட்டும் சொல்லி விட்டுவராதீர்கள். பாக்ஸின் மேலே ஒரு ஸ்க்ரூ, லாக் நட்டோடு தெரியும். அதைப் பிடித்து இறுக்கினால் வீல் ஆட்டம் போய்விடும், எல்லோரும் திருப்தியாகிவிடுவார்கள். வளைவு முடிந்ததும் வீல் தானாகத் திரும்பி வராமல் நிற்கும்போதுதான் தவறு தெரியும்.

காரணம் இதுதான். பாக்ஸை வடிவமைக்கும்போதே நடுவில் இறுக்கமாகவும் ஓரங்களில் சற்று இளக்கமாகவும் பல்லை வெட்டியிருப்பார்கள். கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது என்பதால் தேய்வதும் நடுவில்தான். தேய்ந்த நடுவுக்கு ஏற்ப இறுக்கினால் நடுவுக்குச் சற்று விலகிய, தேயாத இடத்தில் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் பாக்ஸைத் தொடர்ந்து இறுக்குவதில் பயன் இல்லை. வார்மும் செக்டாரும் ஜோடியாக மாற வேண்டும்.

சரியான முறை: லிங்கேஜைக் கழற்றிவிட்டு, வீலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லச் சுற்றி எண்ணுங்கள். முனையில் இடிக்கவிடக் கூடாது. ரீசர்க்குலேட்டிங் பால் பாக்ஸில் உள்ளே இருக்கும் பால் குழாய்கள் நசுங்கிவிடும். மொத்தச் சுற்றில் பாதிதான் பாக்ஸின் நடு. அங்கே தண்டிலும் பாக்ஸிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோடு பின்னால் அலைன்மென்ட்டின்போது மிகவும் தேவைப்படும்.

முதலில் வார்ம் பேரிங், பிறகே செக்டார் ஸ்க்ரூ. இறுக்கத்தை அளக்க மீன் கடையில் தொங்கும் மாதிரி சின்ன ஸ்பிரிங் தராசு போதும். 40 செ.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் தராசைக் கட்டி, விளிம்புக்குத் தொடுகோடாக இழுங்கள். ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களின், பவர் உதவி இல்லாத சாகினா பாக்ஸுக்கு வார்ம் பேரிங்கின் இழுவை 5 முதல் 8 இன்ச்-பவுண்டு. தராசில் இது ஏறக்குறைய 300 முதல் 450 கிராம். பிறகு வீலை நடுவுக்குக் கொண்டுவந்து செக்டார் ஸ்க்ரூவை இறுக்க, நடுவைத் தாண்டும்போது மட்டும் இழுவை கூட வேண்டும். மொத்தம் 16 இன்ச்-பவுண்டை, அதாவது தராசில் சுமார் 900 கிராமைத் தாண்டக் கூடாது. மற்ற பாக்ஸ்களுக்கு அந்தந்த மேனுவலின் எண்ணையே பின்பற்றுங்கள். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. கியர் ஆயில் ஊற்ற வேண்டிய பாக்ஸில், ஒழுகுகிறது என்று கிரீஸை அடைத்து வைப்பது பரவலான பழக்கம். கிரீஸை வார்ம் ஒருமுறை ஒதுக்கிவிட்டால் அது திரும்பி வராது. மேல் பேரிங் காய்ந்து தேயும். செக்டார் தண்டின் ஆயில் சீலை மாற்றிவிட்டு மேனுவல் சொல்லும் எண்ணெயை ஊற்றுங்கள்.

எவ்வளவு விரைவு போதும்?

ரேஷியோ 20லிருந்து 16 ஆனால் கைப்பலம் 25 சதவீதம் கூடுதலாக வேண்டும். அதோடு அழகுக்காக 16 இன்ச் ஸ்டியரிங் வீலைக் கழற்றி 14 இன்ச் ஸ்டியரிங் வீல் போட்டால் இன்னொரு 14 சதவீதம். இரண்டும் சேர்ந்து 43 சதவீதம். அல்சூர் சந்துகளில் நின்ற இடத்தில் காரைத் திருப்பி நிறுத்தும்போது இந்த 43 சதவீதம் தோளில் தெரியும். ரேடியல் டயர் போட்டிருந்தால் இன்னும் கனக்கும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ரேஷியோவை மெதுவாக வைத்தது தெரியாமல் அல்ல. பவர் ஸ்டியரிங் இல்லாத காரை எல்லோரும் நிறுத்தத் திருப்ப முடிய வேண்டும் என்று கணக்குப் பார்த்து வைத்தார்கள்.

பவர் உதவி இல்லாத, தினமும் நகரத்தில் ஓடும் காருக்கு 15 சதவீத மாற்றம் இதமானது. 25 சதவீதம்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் ஏர்போர்ட் ரோட்டின் வேகத்தில் கார் படபடக்கும். சின்ன அசைவுக்கும் பாதை மாறும்.

வழிகள்

*வேறு ரேஷியோ பாக்ஸ் அல்லது உள்பாகங்கள்.* அதே காரின் வேறு மாடலுக்குத் தொழிற்சாலையே விரைவான பாக்ஸ் கொடுத்திருந்தால் இதுவே சுத்தமான வழி. லிங்கேஜின் எந்த நீளமும் மாறாது. வாங்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள்: செக்டார் தண்டின் விட்டமும் ஸ்பிளைன் எண்ணிக்கையும், போல்டுத் துளைகளின் இடைவெளி, உள்தண்டின் ஸ்பிளைன், வலப்பக்க ஓட்டுநருக்கா இடப்பக்க ஓட்டுநருக்கா என்பது. கடைசியில் சொன்னதில்தான் நம்மூரில் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து தருவிக்கும் விரைவு பாக்ஸ்கள் பெரும்பாலும் இடப்பக்க ஓட்டுநர் கார்களுக்கானவை. 'திருப்பி மாட்டிக்கலாம்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்: டிராப் ஆர்ம் பின்னோக்கி இருக்க வேண்டிய பாக்ஸை முன்னோக்கி வைத்து மாட்டினால் வீலை இடது பக்கம் திருப்பக் கார் வலது பக்கம் போகும்.

*நீளமான டிராப் ஆர்ம்.* செலவு குறைவு, வேலை நுணுக்கம். அடுத்த பகுதியில் விரிவாக.

*குட்டையான ஸ்டியரிங் ஆர்ம்.* பிரேக் டிரம்மிலோ ரிம்மிலோ டை ராடு எண்டு இடிக்கும் வாய்ப்பு அதிகம். உள், வெளிச் சக்கரங்களின் கோண வித்தியாசமும் மாறிவிடும். கார்வெட் மாதிரி இரண்டாவது துளையோடு வந்திருந்தால் தவிர இதில் இறங்க வேண்டாம்.

*ஸ்டியரிங் தண்டில் குவிக்கனர்.* 1.5:1, 2:1 என்று பந்தயக் கார்களுக்காக விற்கும் சின்ன கியர் பெட்டி. சாலைக் காருக்கு வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஆட்டத்தோடு தன் ஆட்டத்தையும் சேர்க்கும், 1.5 போட்டால் கைப்பலம் ஒரே தாவலில் 50 சதவீதம் கூடும்.

*ராக் அண்ட் பினியனுக்கு மாற்றுவது.* ராக்கின் உள் பால் ஜாயின்ட்டுகள் விஷ்போன் அச்சுகளோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கார் தானாகத் திரும்பும். அளவெடுத்து, வடிவமைத்துச் செய்யும் பட்டறை கையில் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

*மின்உதவி.* புதிய சிறு காரின், மோட்டாரோடு வரும் மின் ஸ்டியரிங் தண்டைப் பொருத்துவது இப்போது பரவி வருகிறது. விரைவான ரேஷியோவின் கனத்தை இது நிச்சயம் தீர்க்கும். ஆனால் நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய கார்களில் வந்த லூக்காஸ் சி40 டைனமோ தருவதே 22 ஆம்பியர். முதலில் ஆல்டர்னேட்டர், பிறகுதான் இது. தண்டை வெட்டி வெல்டு வைத்து நீளம் சரிசெய்வதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பிளைன் உள்ள கப்ளிங்கால் இணைக்க வேண்டும்.

டிராப் ஆர்மை மாற்றுவது

பிரேக் போனால் ஹேண்ட் பிரேக் இருக்கிறது. டிராப் ஆர்ம் ஒடிந்தால் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. அதனால் பழைய ஆர்மைச் சூடாக்கி நீட்டுவது, நடுவில் வெட்டித் துண்டு வைத்து வெல்டு செய்வது, தட்டு இரும்பில் வெட்டி எடுப்பது என்ற மூன்றும் கூடவே கூடாது. இவை ஃபோர்ஜ் செய்து (சூட்டில் அடித்து உருவாக்கி) வெப்பப் பதம் கொடுத்த பாகங்கள். வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் விரிசல் தொடங்கும். அது வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் வளரும். அதே ஸ்பிளைன் உள்ள, வேறு மாடலுக்காகத் தயாரிக்கப்பட்ட ஃபோர்ஜ் ஆர்மைத் தேடுங்கள். பழையதாக வாங்கினால் பீன்யாவில் சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் சோதனைக் கூடங்கள் உண்டு. கொடுத்துச் சோதித்த பிறகே மாட்டுங்கள்.

நீளத்தை அளப்பது ஸ்பிளைன் துளையின் மையத்திலிருந்து டேப்பர் துளையின் மையம் வரை. நீளத்தோடு கூட ஆர்ம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதும் பழையதுக்குச் சமமாக இருக்க வேண்டும். பால் ஜாயின்ட்டின் உயரம் மாறினால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும்.

எதிர்ப்பக்கம் ஐட்லர் ஆர்ம் உள்ள கார் என்றால் அதுவும் அதே நீளத்துக்கு மாறியே ஆக வேண்டும். ஒன்று 150, இன்னொன்று 130 என்றால் இரண்டையும் இணைக்கும் நடு ராடு நேராக நகராமல் கோணலாக நகரும். வளைவில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி திசை பார்க்கும், டயரின் ஓரம் சீவியது போல் தேயும். ஐட்லர் கிடைக்கவில்லையென்றால் டிராப் ஆர்மையும் மாற்றாதீர்கள்.

கழற்றும்போது: ஆர்மிலும் தண்டிலும் சென்டர் பஞ்சால் நேருக்கு நேர் குறி வையுங்கள். நட்டைக் கழற்றிப் புல்லர் போட்டு இழுங்கள். வராவிட்டால் புல்லரை இறுக்கிய நிலையில் ஆர்மின் கண்ணைப் பக்கவாட்டில் தட்டலாம். செக்டார் தண்டின் முனையில் மட்டும் சுத்தியல் படக் கூடாது. ஒவ்வொரு அடியும் உள்ளே பேரிங்கிலும் வார்மிலும் பதிந்து, பிறகு வீலைச் சுற்றும்போது கரகரவென்று தெரியும்.

டை ராடு எண்டின் கூம்பு புதிய ஆர்மின் துளையில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, கூம்பில் நீல மார்க்கிங் மையை மெல்லியதாகத் தடவி, அழுத்தி ஒரு சின்ன சுற்று சுற்றி எடுங்கள். நீலம் சுற்றிலும் சமமாகப் படிந்திருக்க வேண்டும். மேலே மட்டும் ஒரு வளையமாகவோ கீழே மட்டும் ஒரு வளையமாகவோ இருந்தால் டேப்பர் வேறு. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது ஆடி ஆடி ஒடியும். துளை சிறியதாக இருந்தால் சரியான கோணமுள்ள டேப்பர் ரீமரால் திறக்கலாம். பெரிதாக இருந்தால் அந்த ஆர்ம் பயன்படாது.

நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்கி, ஸ்பிளிட் பின் துளை ஒத்துவராவிட்டால் இன்னும் சற்று இறுக்கி ஒத்துப்போகச் செய்யுங்கள். பின்னோக்கித் தளர்த்தி ஒத்துப்போகச் செய்யாதீர்கள். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதியது.

இனி லாக் ஸ்டாப்பர். முன்சக்கரங்களைத் தூக்கி இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். சக்கரத்தின் ஸ்டாப்பர் முதலில் இடிக்க வேண்டும். அப்போது பாக்ஸுக்குள் இன்னும் சற்று சுற்று மிச்சம் இருக்க வேண்டும். ஆர்ம் நடு ராடிலோ எண்ணெய்ச் சட்டியிலோ உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் அந்த நிலையிலேயே பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஒருமுறை, சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும்போது ஒருமுறை.

நடு தவறாமல் அலைன்மென்ட்

வேலை முழுவதும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கிறது. அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டியரிங் வீல் கோணலாக இருந்தால், கடைப் பையன் வீலைக் கழற்றி ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவான். வீல் நேராகத் தெரியும். ஆனால் கார் நேராக ஓடும்போது பாக்ஸ் தன் நடுவில் இருக்காது. இளக்கமான பகுதியில் இருக்கும். நீங்கள் தராசு வைத்து அளந்து வைத்த இறுக்கம் அத்தனையும் வீண். ஆட்டம் திரும்ப வந்துவிட்டது என்று மறுபடி ஸ்க்ரூவை இறுக்கப் போவீர்கள்.

ஆகவே தண்டில் போட்ட பெயின்ட் கோடு பொருந்தும்படி பாக்ஸை நடுவில் நிறுத்தி, வீலைக் கட்டிவிட்டு, இடது வலது டை ராடுகளின் நீளத்தை மட்டும் மாற்றி டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருக்கும் அளவு) சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் திருப்ப முடியும் என்றால் இரண்டையும் சமமாக. கணினி அலைன்மென்ட் இயந்திரத்தின் பட்டியலில் உங்கள் கார் இல்லாமல் போகலாம். மேனுவலின் டோ, கேம்பர், காஸ்டர் எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

ஆர்மின் நீளம் மாறியிருந்தால், சஸ்பென்ஷனை 10 மி.மீ. படிகளாக மேலே 50, கீழே 50 மி.மீ. நகர்த்தி ஒவ்வொரு படியிலும் டோவை எழுதிக்கொள்ளுங்கள். இதை மாற்றுவதற்கு முன்பே ஒருமுறை எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். புதிய எண்கள் பழையதைவிட மோசமாக இருந்தால் உயரம் எங்கோ தவறியிருக்கிறது.

சட்டம்: உற்பத்தியாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 50 ஆண்டு தாண்டிய காருக்கு 2021 விதிகளின்படி விஏ வரிசையில் வின்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால், கார் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போல்டைக் கழற்றித் திரும்ப மாட்டக்கூடிய மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். பழைய பாக்ஸ், பழைய ஆர்ம், ஷிம்கள் உட்பட எல்லாவற்றையும் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பெயர் எழுதி வையுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், 20 கி.மீ. வேகத்தில். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் வீல் தானாக நடுவுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் உடனே திரும்பி வந்து செக்டார் ஸ்க்ரூவைப் பாருங்கள். பள்ளத்தில் வீல் முன்னைவிட வேகமாக உதைக்கும் என்பதால் கட்டைவிரலை ஆரக்காலுக்குள் கொடுக்காமல் விளிம்பின் மேலேயே வைத்துப் பழகுங்கள். 50 கி.மீ. ஓடிய பிறகு டிராப் ஆர்ம் நட்டையும் பாக்ஸ் போல்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். 500 கி.மீ.யில் இன்னொரு முறை. அப்போது பாக்ஸ் எண்ணெயின் மட்டத்தையும், விரலால் தொட்டு எண்ணெயில் உலோகத்தூள் மின்னுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.